கத்தி படாது

அத்தியாயம் 14

கடைசியில் ஞானையனை ஆட்டோவில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் என்ற பேச்சையே மனைவி ஜெயபாய் வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். வந்தவர்கள் கேட்பார்கள். ஏழு மாதமாகச் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் சுகம் தருவார் என்று அவள் சொல்லிவந்த சாட்சிக்கு அப்புறம் என்ன மதிப்பு?

புதுச் செருப்பு கடித்து, வலது கால் பெருவிரலில் சின்னப் புண்ணாகத் தொடங்கியது. சுகர் உள்ளவனுக்கு அது போதும். ஏப்ரலில் விரலை எடுத்திருந்தால் விரலோடு முடிந்திருக்கும். இப்போது நவம்பர். கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறிவிட்டது. நாலு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. நேற்று மாலை மகள் ஜெனிலா யாரிடமும் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டு, ராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

காலை ஒன்பது மணிக்கு டாக்டர் நந்தனா காலின் கட்டைப் பிரித்தாள். வாடை எழுந்தது. அடுத்த கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெயபாய் மட்டும் ஒன்றுமே இல்லாதது போல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ஜெனிலாவை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். வெளியே மழை.

"நாலு மணிக்குத் தியேட்டர் வச்சிருக்கு. கால முட்டுக்குக் கீழ எடுக்கணும். நாளைக்குண்ணா முட்டுக்கு மேல. அதுக்கப்புறம் எடுத்தும் பிரயோசனம் இல்ல."

"அப்பா என்ன சொல்லுதாரு?"

"ராத்திரி ரெண்டு தடவ கேட்டாச்சு. சிரிக்காரு. வேண்டாம்ண்ணு சொல்லுதாரு. நல்ல நினைவோட இருக்காரு, அதனால அவரு கையெழுத்து இல்லாம நாங்க தொட முடியாது." டாக்டர் ஃபைலைப் புரட்டினாள். "ஏழு மாசத்துக்கு முன்னாடி விரல எடுக்கச் சொன்ன சீட்டு ஃபைல்ல இருக்கு. படிச்சவங்களாத் தெரியுது. எதுக்காக்கும் எடுக்காம விட்டீங்க?"

ஜெனிலா பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். வயது இருபத்தொன்பது. நாள் முழுக்க மற்றவர்களின் பயத்துக்குப் பதில் சொல்லிப் பழகியவள். இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது.

வார்டுக்குள்ளிருந்து அந்தப் பதில் தானாகக் கேட்டது.

"என் ஊழியக்காரனைக் குறித்துக் கலங்காதே. அவன் சரீரத்தில் கத்தி படாது. அவன் கால்களை நானே நடத்துவேன்..."

ஜெயபாயின் போன். முப்பத்தெட்டு விநாடி. தலையணைக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டிருந்தாள். முடிந்ததும் மறுபடியும் போட்டாள்.

அந்தக் குரல் ஜெனிலாவுடையது.

ஏப்ரலில், சபையின் அசன விருந்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது நடந்தது. வீட்டில் உபவாச ஜெபம். பதினேழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜெயபாய் தரையில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள். பிறகு எல்லோரும் அமைதியானார்கள். யாராவது ஒருத்தர் வாயில் கர்த்தருடைய வார்த்தை வரும் என்று காத்திருக்கிற அமைதி. அது நீண்டுகொண்டே போனது. அம்மாவின் விம்மல் மட்டும் நிற்கவில்லை.

ஜெனிலா வாயைத் திறந்தாள்.

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. எதுவும் தெரியவும் இல்லை. அம்மா அழுகையை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த வேதாகமத் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழந்தையிலிருந்து காலையும் மாலையும் குடும்ப ஜெபத்தில் வாசித்தது. "என்" என்று தொடங்கினால் போதும், மீதி வாக்கியம் தானே வந்து அடுக்கிக்கொள்ளும். வந்தது. அம்மா அழுகையை நிறுத்தினாள்.

மஸ்கட்டில் இருக்கிற தன் தங்கைக்கு அனுப்ப, ஜெபத்தை ஜெயபாய் போனில் பதிவு செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த முப்பத்தெட்டு விநாடி ஜெபக்குழுவில் இருநூறு போனுக்குப் போய்விட்டது.

அதிலிருந்து, மூன்று பேர் இருந்த அந்த வீட்டில் அந்தப் பதிவின் குரலாக நாலாவது ஒருத்தி குடியேறினாள். காலையில் காப்பி போடும்போது அடுப்படியிலிருந்து பேசுவாள். அப்பாவின் புண்ணைக் கழுவும்போது அவர் மடியிலிருந்து பேசுவாள். ஒருநாள் பேருந்தில் முன்சீட்டுப் பெண் ஒருத்தி காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், அங்கேயும் அவள்தான். ஜெனிலாவின் குரலைவிடக் கனத்த குரல். வயதான குரல். அதில் சந்தேகம் கொஞ்சமும் கிடையாது. ஜெனிலாவுக்கு அவளைக் கண்டு பயமாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. வேதாகமத்தில், எரேமியாவின் காலத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. எல்லாம் சரியாகிவிடும், இரண்டே வருஷம் என்று ஜனத்துக்குப் பிடித்ததைச் சொன்னவன். கர்த்தர் அவனை அனுப்பவில்லை. அந்த வருஷம் ஏழாம் மாதத்தில் அவன் செத்துப்போனான். ஜெனிலா அந்த அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஏப்ரலுக்கு அடுத்த மாதத்திலிருந்து விரல் விட்டு எண்ணினால் இது ஏழாம் மாதம். செத்துக்கொண்டிருப்பது மட்டும் வேறு ஆள்.

அவள் வார்டுக்குள் போனபோது, அடுத்த கட்டிலில் குடலிறக்கத்துக்குப் படுத்திருந்த சிவதாணு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, கேக்கேன்னு வெசனப்படாதியும். விடியக்காலம் தொட்டு அந்தப் பொம்பள ஒரே காரியத்தச் சொல்லிட்டுக் கெடக்கா. அவளுக்கு வேற சோலி இல்லியா?"

ஞானையன் சிரித்தார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "அவ எனக்க மவளாக்கும்."

சிவதாணு ஜெனிலாவைப் பார்த்தார். போனைப் பார்த்தார். போர்வையை இழுத்துப் படுத்துக்கொண்டார்.

"அம்மா, கீழ கேன்டீன்ல போயி ஒரு சாயா குடிச்சிட்டு வா," என்றாள் ஜெனிலா.

"எனக்கு உபவாசம்."

"அப்ப அப்பாவுக்குக் கஞ்சி வாங்கிட்டு வா."

"சாய்ங்காலத்துக்குள்ள காய்ச்சல் எறங்கும். நீ பயப்படாத ஏட்டி. நீயே சொன்ன வார்த்தய நீயே நம்பல்லேண்ணா எப்படி?" ஜெயபாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். போனை அப்பாவின் தலைமாட்டிலேயே விட்டுப் போனாள்.

ஜெனிலா அதை எடுத்துக் குரலை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லு மக்கா."

"அந்த வார்த்த கர்த்தர் தந்ததில்ல. எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. அம்மை அழுதா. நான் வாயத் திறந்தேன்."

ஞானையன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி வாத்தியார். கேள்வி கேட்டுத்தான் எதையும் தொடங்குவார்.

"காய்பா ஆரு?"

"அப்பா..."

"சொல்லு. ஆரு?"

"பிரதான ஆசாரியன். ஜனமெல்லாம் அழியாம இருக்க இயேசு ஒருத்தர் சாகட்டும்ண்ணு சொன்னவன்."

"அவன் பக்தியிலயா சொன்னான்? இல்ல. அரசியலுக்குச் சொன்னான். ஆனா பலிச்சுது. சொல்லுதவன் கள்ளனா இருந்தாலும் கர்த்தர் அவன் வாய எடுத்துக்கிடுவாரு. பிலேயாமுக்க கழுத வரைக்கும் பேசியிருக்கு."

"அப்ப நான் கழுதயா?"

"கழுதண்ணா நல்லதாக்கும் மக்கா. அது பொய் சொல்லல்ல."

ஜெனிலா அவரையே பார்த்தாள். மழைச் சத்தம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷம் அந்தப் பொஸ்தகத்தப் படிப்பிச்சவனுக்குத் தெரியாதா? முதல்ல உள்ளது ஏசாயாவுக்க சாயல். கடைசில உள்ளது சங்கீதத்துக்க சாயல். நடுவுல உள்ள கத்தி மட்டும் உனக்குள்ளது. கேட்டப்பவே ஒட்டு தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எதுக்கு விரல எடுக்கல்ல?"

"முதல்ல, அதுவாட்டு ஆறிரும்ண்ணு நெனச்சேன். ஆறினா உனக்க வார்த்த நிக்குமே." அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "பெறவு அம்மை சபையில சாட்சி சொன்னா. போதகர் ஐயரு பிரசங்கத்துல சொன்னாரு. இனி கால எடுத்துட்டு நான் சக்கர வண்டியில இருந்துட்டு ஆராதனைக்குப் போனேண்ணு வையி. ஜனம் எனக்க காலப் பாக்காது. உனக்க மூஞ்சியப் பாக்கும். ஒவ்வொரு ஞாயிறும் பாக்கும். கலியாணம் ஆவாத பிள்ளை நீ. கள்ளத் தீர்க்கதரிசிண்ணு பேரு விழுந்தா இந்த ஜில்லாவுல அது சாவுற வரைக்கும் போவாது."

"அதுக்கு நீங்க சாவுவியளா?"

"எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு."

"அப்பா, எசேக்கியா ராஜாவுக்குச் சொகம் தாறேண்ணு சொன்ன அதே கர்த்தர்தான், அத்திப்பழத்த அரைச்சுப் புண்ணுல பத்து போடச் சொல்லியும் விட்டாரு. நீங்கதானே படிப்பிச்சீங்க? அண்ணைக்கு அந்த விரல எடுக்குதது பத்து போடுததுக்குச் சமம்."

"அது கழிஞ்சு போச்சு. இப்ப உள்ளதப் பேசு. கள்ளமாச் சொன்னவனுக்கு மோசே என்ன விதிச்சிருக்கான்?"

"சாவணும்ண்ணு."

"ஒராளு போவட்டும். அது நானா இருந்துட்டுப் போறேன்."

அதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்ததும் ஜெனிலாவுக்குக் கோபம் வந்தது. அழுகை வரவில்லை. ஏழு மாதமாக அவர் இதைத்தான் செய்துகொண்டிருந்தாரா? காலையில் புண்ணைக் கழுவி, மடியில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு, அவளுக்குப் பதிலாகச் சாகிற வேலையைச் செய்துகொண்டிருந்தாரா?

"எனக்காக ஒருத்தரு ஏற்கெனவே சிலுவையில செத்தாச்சு," என்றாள். "நீங்க ரெண்டாவது ஆளாவாண்டாம்."

ஞானையன் கண்ணைத் திறந்தார்.

"சின்ன வயசுலருந்து நீங்க சொல்லித் தந்தது அது ஒண்ணுதான். இப்ப நீங்களே நம்பல்ல."

"வாத்தியார மடக்குதியா?"

"ஆமா."

அவர் பதில் தேடுகிறார் என்பது கண்ணில் தெரிந்தது. அவர் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை. தன் போனை எடுத்தாள். ஜெபக்குழுவைத் திறந்தாள். காலை ஏழு மணிக்கே நாற்பது பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். மைக்கை அழுத்தினாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஜெனிலா பேசுதேன்."

குரல் மெலிந்து வந்தது. அது அந்த நாலாவது ஆளின் குரல் இல்லை.

"ஏப்ரல் மாசம் எங்க வீட்டு உபவாச ஜெபத்துல, அப்பா உடம்புல கத்தி படாதுண்ணு நான் சொன்னத நீங்க எல்லாரும் கேட்டிருப்பிய. அது கர்த்தருக்க வார்த்த இல்ல. எனக்கு ஒண்ணும் வெளிப்படல்ல. அம்மை அழுகைய நிறுத்தணும்ண்ணு நானாச் சொன்னது. அத நம்பி அப்பா விரல எடுக்காம விட்டாரு. இப்ப கால எடுக்கணும். அம்மைக்குத் தெரியாது, அவள ஒண்ணும் சொல்லாதிய. அப்பாவுக்காக ஜெபிங்க. டாக்டருக்காக ஜெபிங்க. பெறவு..."

நிறுத்த நினைத்தாள். மைக்கிலிருந்து விரல் எழவில்லை.

"பெறவு, வேற ஆருக்காவது நான் ஏதாவது சொல்லியிருந்தா, அதையும் நம்பாண்டாம்."

விரலை எடுத்தாள். போய்விட்டது.

திரும்பினால் ஜெயபாய் நின்றிருந்தாள். தூக்குவாளி கையில். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் முழுவதும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

கத்துவாள் என்று ஜெனிலா எதிர்பார்த்தாள். ஜெயபாய் கத்தவில்லை. கஞ்சியை மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்து ஆறவிட்டாள்.

"இந்த ஏழு மாசமும் அந்த வார்த்தையிலதான் நான் உயிரு வச்சுக் கெடந்தேன்," என்றாள். "அத நீ எடுத்துட்டே."

"அம்மா..."

"மிண்டாத."

அவள் தன் போனை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டு வார்டைவிட்டு வெளியே போனாள். படிக்கட்டுப் பக்கம் பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஞானையன் கையை நீட்டினார். "அந்தப் பேப்பர் எங்க?"

சிவதாணுதான் எழுந்து போய் நர்ஸைக் கூப்பிட்டார்.

அவர் பேனாவை வாங்கினார். டிக்கெட் கிழித்த கை. முழுப் பெயரையும் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவைக் கொடுத்துவிட்டு, "நீ சொன்னதுக்குப் பெறவு எனக்கு சாவுததுக்கு முகாந்திரம் இல்லாம போச்சு மக்கா," என்றார். வருத்தமாகச் சொன்னது போல்தான் இருந்தது.

நாலேகாலுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெஞ்சைத் தாண்டும்போது ஜெயபாய் எழுந்தாள். அவர் தலையில் கை வைத்தாள். உதடு அசையவில்லை. வாய்விட்டு ஜெபிக்காத ஜெயபாயை ஜெனிலா முதல் தடவையாகப் பார்த்தாள். கதவு மூடியது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவே இன்னொரு ஆள் உட்கார இடம் இருந்தது.

ஜெனிலா போனைப் பார்த்தாள். நூற்றெண்பது பேர் கேட்டிருந்தார்கள். யாரும் எதுவும் எழுதவில்லை. குழுவைவிட்டு வெளியேறினவர்களின் பெயர் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தது. அதில் நாலு பேர் உபவாச ஜெபத்தில் அவள் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள்.

தோளிலிருந்து ஏதோ இறங்கிவிட்டது போலிருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் காதுக்குள் அமைதி. அந்தக் குரல் இனி எங்கேயும் பேசாது என்று நினைத்தாள்.

ஐந்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அதை ஓடவிட்டாள். மூச்சிரைப்போடு ஒரு பெண்.

"ஜெனிலா, நான் நேசமணி அக்காவாக்கும் பேசுதேன். குழித்துறைப் பக்கம். உனக்கு ஓர்மை இருக்கோ என்னமோ. ஜூன் மாசம் ரெண்டு பஸ் மாறி உன்னப் பாக்க வந்தேன். எங்க வீட்டுக்காரரு ஞானசிங்குக்கு வலிப்பு உண்டு, மாத்திரையில நிக்காரு, வண்டி ஓட்டக்கூடாதுண்ணு டாக்டர் சொன்னாருண்ணு சொன்னேன். நீ எனக்க கையப் பிடிச்சு, இனி அவருக்கு அது வராதுண்ணு சொன்னே. அண்ணையிலருந்து மாத்திரை கொடுக்கல்ல மக்கா. டெம்போவ வெளிய எடுத்தாரு. இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. நான் உனக்க பேரச் சொல்லிச் சாட்சியும் சொல்லியாச்சு. இப்பதான் நீ பேசுனதக் கேட்டேன். அவரு உச்சைக்கு வாழைக்குலை ஏத்திட்டு மார்த்தாண்டம் சந்தைக்குப் போனாரு. விளிச்சா எடுக்கல்ல. நான் விளிச்சா ஓட்டும்போ எடுக்க மாட்டாரு. புது நம்பர்னா லோடுகாரங்கண்ணு எடுப்பாரு. நீ ஒண்ணு விளிச்சுப் பாப்பியா? உன்மேல கோவம் ஒண்ணும் இல்ல. விளிச்சா போரும்."

அதற்குக் கீழே ஒரு எண்.

ஜெனிலாவுக்கு நேசமணியின் முகம் நினைவில் இல்லை. அந்தப் பதிவைக் கேட்டு ஜூனில் எத்தனையோ பேர் வந்தார்கள். வந்து அழுதார்கள், அவள் அவர்கள் கையைப் பிடித்தாள், ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னது அவள்தானா? அந்தக் கனத்த குரல் எப்போது, யாரிடமெல்லாம் பேசியிருக்கிறது?

பெஞ்சின் மறுமுனையிலிருந்து ஜெயபாய் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கும் கேட்டிருந்தது.

"விளி," என்றாள்.

எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. ஒன்று. இரண்டு. ஆறு. நின்றது.

மறுபடி அழுத்தினாள்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். மழைச் சத்தம். ஹாரன் சத்தம், ஒன்றல்ல, நாலைந்து வண்டிகள் சேர்ந்து. யாரோ தூரத்தில் "ரோட்டுல கெடக்க குலைய மாத்திப் போடுங்கடே, வழி விடு" என்று சொன்னார்கள்.

"அண்ணே," என்றாள் ஜெனிலா. "ஞானசிங் அண்ணனா?"

எடுத்தது வேறு ஆள். சின்ன வயதுக் குரல், பதறியிருந்தது. அவன் யாரிடமோ எதையோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

"இந்த போன்காரருக்கு நீங்க ஆரு?"